நாலாவது ஆளின் கணக்கு: போக்கர் 'பபிள்' பிறந்த கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

பத்துப் பேர் ஆளுக்கு 10 டாலர் போட்டு ஒரு போக்கர் டோர்னமென்ட் ஆடுறாங்க. மொத்தம் 100 டாலர். முதல் பரிசு 50, ரெண்டாவது 30, மூணாவது 20. ஆறு பேர் வெளிய போயாச்சு, நாலு பேர் மிச்சம். நாலு பேர்கிட்டயும் ஒரே அளவு சிப்ஸ். உங்க கையில ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ராணி. எதிர்ல இருக்கறவர் தன்னோட சீட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காம, இருக்கிற சிப்ஸ் மொத்தத்தையும் நடுவுல தள்ளிட்டார். ஜெயிக்கிற வாய்ப்பு உங்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் கணக்கு என்ன சொல்லுதுன்னா, சீட்டைக் கவுத்து வெச்சுட்டு விலகிடுங்க.

ஏன்? இதுக்குப் பதில் சொல்ல ஒரு கேசினோ, ஒரு குதிரைப் பந்தயக் கட்டுரை, அப்புறம் அஞ்சு பத்து டாலர் ஆட்டத்துல ராத்திரி முழுக்க உக்காந்திருந்த ஒரு தலைமுறை, எல்லாம் தேவைப்பட்டுச்சு.

போக்கர் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு பேர் கட்டாயமா கொஞ்சம் சிப்ஸ் போட்டே ஆகணும், அதுக்குப் பேர் பிளைண்ட். இந்தக் கட்டாயம் முறைப்படி எல்லார்கிட்டயும் சுத்தி வரும். நேரம் ஆக ஆக தொகையும் ஏறும். இருக்கிறது எல்லாத்தையும் வெச்சா 'ஆல்-இன்', விலகினா 'ஃபோல்டு', எதிராளி வெச்சதுக்குச் சமமா வெச்சா 'கால்'. இவ்ளோ போதும்.

இப்போ லாஸ் வேகாஸ் போவோம். ஃப்ரீமான்ட் தெருவுல பென்னி பினியன் நடத்தின ஹார்ஸ்ஷூ கேசினோ. 1970-ல் அங்கேதான் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' தொடங்கியது. அந்த முதல் வருஷம் சாம்பியன் யாருன்னு ஆட்டக்காரங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணாங்க. ஜெயிச்சவர் ஜானி மாஸ். அடுத்த வருஷம், 1971-ல், முறை மாறியது. எல்லாரும் ஒரே அளவு காசு கட்டணும், சிப்ஸ் தீர்ந்தா வெளிய, கடைசி ஆள் நிக்கிற வரைக்கும் ஆட்டம். மறுபடியும் மாஸ்தான் ஜெயிச்சார். பரிசு 30,000 டாலர், மொத்தமும் அவருக்கே.

இந்த 'மொத்தமும் ஒருத்தருக்கே'ங்கிற விதி சில வருஷம் நீடிச்சுது. அப்போ சிப்ஸும் காசும் ஒண்ணுதான். மேஜையில இருக்கிற சிப்ஸ்ல பாதி உங்ககிட்ட இருந்தா, பரிசுப் பணத்துல பாதி உங்களோடதுன்னு தோராயமா நினைச்சுக்கலாம். ரெண்டாவதா வெளிய போனாலும் கடைசியா வெளிய போனாலும் கிடைக்கிறது பூஜ்யம்தான். அதனால 51 சதவீத வாய்ப்பு இருந்தாலே துணிஞ்சு வைக்கலாம்.

1978-ல் இது உடைஞ்சுது. அந்த வருஷம் மெயின் ஈவென்ட்டுக்கு 42 பேர், ஆளுக்கு 10,000 டாலர் நுழைவு. 4,20,000 டாலரை முதல்முறையா அஞ்சு பேருக்குப் பிரிச்சாங்க. ஜெயிச்ச பாபி பால்ட்வினுக்கு 2,10,000, அதாவது சரியா பாதி. அஞ்சாவது இடத்துக்கு 21,000. ஆறாவது இடத்துக்கு ஒண்ணுமில்ல.

கடைசியில பால்ட்வின்கிட்ட மேஜையில இருந்த எல்லா சிப்ஸும் இருந்துச்சு. ஆனா பணத்துல பாதிதான் அவருக்கு. மிச்சப் பாதி யாருக்குப் போச்சு? கையில ஒரு சிப் கூட இல்லாம வெளிய போன நாலு பேருக்கு! இந்த இடத்துலதான் சிப்ஸ் வேற, காசு வேறன்னு ஆச்சு. ஆறாவது ஆளுக்கும் அஞ்சாவது ஆளுக்கும் நடுவுல 21,000 டாலர் உயரத்துல ஒரு படி முளைச்சுது. அந்தப் படிக்குக் கீழ நிக்கிற நேரத்தைத்தான் இன்னைக்கு 'பபிள்'னு சொல்றாங்க. குமிழி. உடைஞ்சதும் மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் காசு.

பெரிய போட்டிகள்ல இந்த நேரம் பார்க்கவே விசித்திரமா இருக்கும். அடுத்த மேஜையில எவனாவது போகட்டும்னு ஆளாளுக்கு சீட்டை வெச்சுக்கிட்டு நேரம் கடத்துவாங்க. அதைத் தடுக்க ஒரு முறை வந்தது. எல்லா மேஜையிலும் ஒரே நேரத்துல ஒரு ஆட்டம்தான், எல்லாரும் முடிச்ச பிறகுதான் அடுத்தது. மனுஷனோட பயத்துக்குன்னே ஒரு விதி!

சிப்ஸ் கம்மியா இருக்கிறவங்களோட குலதெய்வக் கதை 1982-ல் வருது. ஜாக் ஸ்ட்ராஸ் ஒரு ஆட்டத்துல எல்லாம் போச்சுன்னு எழுந்திருக்கிறார். மேஜையில ஒரு 500 டாலர் சிப் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. 'ஆல்-இன்'னு அவர் வாயால சொல்லாததால தொடர்ந்து ஆட விட்டாங்க. அதை வெச்சே மெயின் ஈவென்ட்டை ஜெயிச்சு 5,20,000 டாலர் வாங்கினார். இது பல விதமா சொல்லப்படுற கதை, கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனா 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும் போதும்'னு போக்கர் உலகம் இன்னைக்கும் சொல்றது இதை வெச்சுத்தான்.

அந்தக் கடைசி சிப்போட மதிப்பு என்ன? இதுக்கு எண்ணா பதில் சொன்னவர் மேசன் மால்முத். கணிதம் படிச்சவர். 1987-ல் வந்த 'கேம்ப்ளிங் தியரி அண்ட் அதர் டாபிக்ஸ்' புத்தகத்துல, டோர்னமென்ட்ல சிப்ஸ் குறையக் குறைய ஒவ்வொரு சிப்போட மதிப்பும் கூடுதுன்னு விளக்கினார். அந்தக் கணக்கோட எலும்புக்கூடு ஏற்கெனவே வேற ஒரு இடத்துல இருந்துச்சு. டேவிட் ஹார்வில் 1973-ல் ஒரு அமெரிக்கப் புள்ளியியல் ஆய்விதழ்ல குதிரைப் பந்தயம் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு குதிரை முதல்ல வர்ற வாய்ப்பு தெரிஞ்சா, அது ரெண்டாவதா, மூணாவதா வர்ற வாய்ப்பை எப்படிக் கணக்கு பண்றது? ஜெயிச்ச குதிரையை எடுத்துட்டு, மிச்சம் இருக்கிற குதிரைகளுக்குள்ள மறுபடியும் பந்தயம் விடு. அவ்ளோதான். குதிரைக்குப் பதிலா ஆட்டக்காரர், வாய்ப்புக்குப் பதிலா சிப்ஸ்னு போட்டா, போக்கர்காரங்க இன்னைக்கு 'ஐசிஎம்'னு கூப்பிடுற கணக்கு வந்துடும்.

இப்போ நம்ம 100 டாலர் மேஜைக்குத் திரும்பலாம். மொத்தம் 10,000 சிப்ஸ், நாலு பேர்கிட்ட தலா 2,500. பிளைண்டைக் கொஞ்சம் மறந்துடுவோம். ஒவ்வொருத்தர் நிலைமையோட மதிப்பு 25 டாலர். நீங்க கால் பண்ணித் தோத்தா பூஜ்யம், 25 போச்சு. ஜெயிச்சா உங்ககிட்ட 5,000. சிப்ஸ் இரட்டிப்பு, ஆனா காசு 50 ஆகாது. ஹார்வில் கணக்குப்படி 38 டாலர் 33 சென்ட். அதாவது 13 டாலர் சம்பாதிக்க 25 டாலரைப் பணயம் வைக்கிறீங்க. இது கட்டுப்படியாகணும்னா ஜெயிக்கிற வாய்ப்பு 65 சதவீதத்துக்கு மேல இருக்கணும். என்னன்னே தெரியாத ரெண்டு சீட்டுக்கு எதிரா, நம்ம ஆர்ட்டின் ஏஸும் கிளாவர் ராணியும் ஜெயிக்கிறது சுமார் 64. மயிரிழையில ஃபோல்டு.

சரி, நீங்க கால் பண்ணிட்டீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் போயாச்சு. மோதின ரெண்டு பேருக்கும் சேர்த்து 50 டாலர் மதிப்பு இருந்தது, இப்போ 38 சொச்சம். மிச்சம் 11 டாலர் 67 சென்ட் எங்க போச்சு? சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதியா போயிருக்கு. ஒரு சீட்டு கூட அவங்க ஆடல! இந்தக் கணக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அப்போ பபிள்ல பேசாம ஃபோல்டு பண்ணிக்கிட்டே இருந்தா போதுமா? இல்ல, பிளைண்ட் விடாது. டான் ஹாரிங்டன், 1995-ல் மெயின் ஈவென்ட் ஜெயிச்சவர், 2005-ல் வந்த தன் புத்தகத்தோட ரெண்டாவது தொகுதியில ஒரு அளவுகோலைப் பிரபலப்படுத்தினார். பேரு 'எம்'. பேக்கேமன் ஆட்ட மேதை பால் மேக்ரியல் பேரிலிருந்து வந்தது. ஒரு சுத்துக்கு ஆகுற கட்டாயச் செலவால உங்க சிப்ஸை வகுத்துக்கோங்க. பிளைண்ட் 200, 400-ன்னு வெச்சா ஒரு சுத்துக்கு 600. 2,500-ஐ 600-ஆல வகுத்தா நாலுக்குக் கொஞ்சம் மேல. நாலு பேர் மேஜையில அது சுமார் 17 ஆட்டம். ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தா அதுக்குள்ள கரைஞ்சுடுவீங்க. ஹாரிங்டன் இதை சிவப்பு மண்டலம்னு சொல்றார். அங்க ஆல்-இன், இல்லன்னா ஃபோல்டு, நடுவுல எதுவும் கிடையாது.

101 ரம்மி ஆடினவங்களுக்கு இந்த மூச்சுமுட்டல் தெரியும். 80 பாயின்ட்டைத் தாண்டிட்டா டிராப் பண்ணவே வழியில்ல, எந்தக் குப்பைக் கை வந்தாலும் ஆடியே ஆகணும். போக்கர்லயும் அப்படி ஒரு கோடு இருக்கு. சிப்ஸ் ரொம்பக் கரைஞ்ச பிறகு ஆல்-இன் போட்டா யாரும் பயப்பட மாட்டாங்க, சில்லறைதானேன்னு கால் பண்ணிடுவாங்க. மிரட்டுற அளவுக்கு சிப்ஸ் இருக்கும்போதே முதல் ஆளா தள்ளணும். ஏன்னா அந்த 65 சதவீதச் சுவர் இப்போ எதிராளி முன்னாடி நிக்குது. நல்ல கையோட இருந்தாலும் அவர் யோசிப்பார், விலகுவார், 600 சிப்ஸ் சண்டையில்லாம உங்களுக்கு வரும். ஒரே சீட்டுதான். நீங்க முதல்ல தள்ளினா லாபம், அடுத்தவர் தள்ளினதுக்கு நீங்க கால் பண்ணா நஷ்டம்.

2000-களோட நடுவுல இதை மனப்பாடம் பண்ணது பெரிய கேசினோ ஆட்டக்காரங்க இல்ல. ஆன்லைன்ல 'சிட் அண்ட் கோ'னு ஒண்ணு இருந்துச்சு. பத்துப் பேர் சேர்ந்ததும் தானா ஆரம்பிக்கும், நான் சொன்ன அதே 50-30-20. சில டாலருக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் வேணும்னாலும் ஆடலாம், அதனால நாலாவது ஆளோட சிக்கல் ஒரே ராத்திரியில பல தடவை வந்து நிக்கும். கம்ப்யூட்டர்ல இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுற மென்பொருள்களும் வந்தன. (நம்ம ஊர்ல 2025-ல் வந்த மத்திய சட்டத்துக்கு அப்புறம் காசு வெச்சு ஆன்லைன்ல ஆட இடமில்ல. அதனால இதை வரலாறா மட்டும் கேளுங்க.)

ஆனா சின்னத் தொகை மேஜையில ஒரு சங்கடம் உண்டு. எதிராளி விலகுவார்னு கணக்கு சொல்லும். எதிராளிக்கு அந்தக் கணக்கே தெரியாதுன்னா? '10 டாலர்தானே, பார்த்துடலாம்'னு கால் பண்ணுவார். அது அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம், பக்கத்துல இருக்கிற ரெண்டு பேருக்கும் தீபாவளி. அதனால கால் பண்ற பழக்கம் உள்ளவங்க நடுவுல குப்பைக் கையை வெச்சு மிரட்டறது வீண்.

கணக்குக்கு இன்னொரு எல்லையும் இருக்கு. 2003. கிறிஸ் மணிமேக்கர், டென்னசியில ஒரு கணக்காளர். ஆமா, நிஜப் பேரே அதுதான். 86 டாலர் ஆன்லைன் ஆட்டத்துல ஜெயிச்சு அடுத்த கட்டத் தகுதிப் போட்டிக்குப் போறார். அங்க முதல் மூணு இடத்துக்கு 10,000 டாலர் மெயின் ஈவென்ட் நுழைவு, நாலாவது இடத்துக்கு 8,000 டாலர் ரொக்கம். அவருக்குக் கடன் இருந்துச்சு. நுழைவை வித்துக் காசாக்க முடியாது. அதனால நாலாவதா வந்து ரொக்கத்தை வாங்கிக்கலாம்னுதான் நினைச்சேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். ஐசிஎம் கணக்குல ஒரு டாலர் எல்லாருக்கும் ஒரே டாலர். கடன்காரன் கையில 8,000 ரொக்கம், 10,000 நுழைவுச் சீட்டைவிடப் பெரிசுன்னு அதுக்குத் தெரியாது.

ஒரு நண்பர் பேசி மனசை மாத்தினார். வரப்போற பரிசுல ஒரு பங்கை நான் காசு கொடுத்து வாங்கிக்கிறேன், நீ ஜெயின்னு சொன்னார். மணிமேக்கர் நுழைவுச் சீட்டை எடுத்துக்கிட்டு வேகாஸ் போனார், 839 பேர்ல முதல் ஆளா வந்து 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். அடுத்த வருஷம் அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தாங்க. அதுல நிறைய பேர் அவரை மாதிரியே ஆன்லைன்ல சின்னத் தொகை கட்டி, எங்கேயோ ஒரு மேஜையில பபிளைத் தாண்டி வந்தவங்க.