திரைப்படங்களில் பழைய வாகனங்களை அடையாளம் காணல்

திரைப்படக் காட்சியில் தென்படும் பழைய கார், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், ஜீப் போன்றவற்றின் தயாரிப்பு நிறுவனம், மாடல், காலம் ஆகியவற்றை அந்தக் காட்சியிலேயே கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு தீர்மானிப்பது திரைப்பட வாகன அடையாளம் எனப்படும். பழைய வண்டி ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இது தொடங்கியது. தேதி தெரியாத துண்டுப் படச்சுருள்கள், விளம்பரப் புகைப்படங்கள், தெருக் காட்சிகள் ஆகியவற்றின் காலத்தைக் கணிக்கவும் இன்று பயன்படுகிறது. இக்கட்டுரை 1940களுக்கும் 1980களுக்கும் இடைப்பட்ட இந்தியப் படங்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

சொல் வழக்கு

‘விண்டேஜ்’ என்ற சொல்லைப் பிரிட்டன் ஆர்வலர்கள் 1919 முதல் 1930 வரை தயாரான கார்களுக்கு மட்டுமே வழங்குவர். இந்திய அரசு 2021இல் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் விண்டேஜ் ஆகின்றன. படம் பார்க்கிறவர்கள் இவ்விரண்டையும் பொருட்படுத்துவதில்லை. தயாரிப்பு நின்றுபோன எதுவும் அவர்களுக்குப் பழைய வண்டிதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒருகாலத்தில் எந்தக் காரையும் ‘பிளஷர்’ என்றே அழைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களின் பண்ணையார்கள் இறங்கி வருவது இந்தப் பிளஷரிலிருந்துதான். அது என்ன கார் என்ற கேள்விக்கு வசனத்தில் விடை இருப்பது அரிது.

சந்தையின் பின்னணி

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாய் சேவ்ரியில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனமும் இந்தியத் துறைமுக நகரங்களில் அதே தொழிலைச் செய்தது. பி. எம். பிர்லா 1942இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸையும், வால்சந்த் ஹீராசந்த் 1944இல் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸையும் நிறுவினர். சென்னையில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்டாக மாறியது இந்த நிறுவனமே. உதிரிபாகங்களை உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்று மத்திய அரசு 1953இல் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின.

இந்த ஒரு முடிவு இந்தியத் திரையை இரண்டாகப் பிரித்துவிட்டது. 1950களின் நடுப்பகுதி வரை எடுத்த படங்களில் செவ்ரோலே, ஃபோர்டு, பியூக், மோரிஸ், ஆஸ்டின், ஹில்மன் என்று பல முகங்கள் வரும். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் மாறி மாறி வருகின்றன. ஆகவே முந்தைய காலத்துப் படத்தில் காரின் பெயரைக் கண்டுபிடிப்பதே சிரமம். பிந்தைய காலத்தில் பெயரைக் குழந்தையும் சொல்லிவிடும், ஆண்டைச் சொல்வதுதான் வேலை.

அம்பாசடரின் முகங்கள்

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையிலிருந்து முதலில் வந்தவை மோரிஸ் கார்களின் இந்திய வடிவங்களான ஹிந்துஸ்தான் 10, ஹிந்துஸ்தான் 14, பேபி ஹிந்துஸ்தான் ஆகியவை. 1954இல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையின் வடிவில் லேண்ட்மாஸ்டர் வந்தது. மூன்றாம் வரிசையின் வடிவம் 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் ஆனது. பழைய படங்களில் லேண்ட்மாஸ்டரை அம்பாசடர் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. இதைத் தவிர்க்கக் காரின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். லேண்ட்மாஸ்டரின் பின் மட்கார்டு உருண்டு இறங்கிவிடும். அம்பாசடரில் அது சிறு துடுப்புப்போல எழுந்து விளக்கில் முடியும்.

அம்பாசடருக்குள் மாடல் பிரிப்பதற்கு முன்பக்கக் கிரில்லே அடிப்படை. 1960களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2இன் கிரில் நெருக்கமான சிறு கட்டங்களால் ஆனது. 1975இன் மார்க் 3இல் அகன்ற கிடைமட்டப் பட்டைகள் வந்தன. அதுவரை கிரில்லுக்குள் இருந்த சிறு வட்ட விளக்குகள் வெளியே நகர்ந்து ஹெட்லைட்டுக்குக் கீழே தனியாக அமர்ந்தன. 1979இன் மார்க் 4இல் கிரில் சுருங்கியது, கட்டங்கள் பெரிதாயின, வட்ட விளக்குகள் சதுரமாயின. 1990இன் நோவாவும் அதற்குப் பின் 1800 ஐஎஸ்இசட்டும் திரையில் வெள்ளை நிற அரசு வண்டிகளாகவே பெரும்பாலும் வருகின்றன. 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது.

இந்தப் பகுப்பு தாளில் தெளிவாக இருக்கிறது, தெருவில் அப்படி இல்லை. கிரில், விளக்கு, பம்பர் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். மார்க் 2 வைத்திருந்தவர் இடித்துக்கொண்ட முகத்துக்குப் பதில் மார்க் 3இன் முகத்தை மாட்டிக்கொண்டு போயிருப்பார். கழற்றக்கூடிய உறுப்பு சொல்வதைவிட வெல்டு வைத்த உறுப்பு சொல்வதற்கே மதிப்பு அதிகம். ஆகவே பானட், மட்கார்டு, கதவு, பின்கண்ணாடி ஆகியவற்றின் வடிவம் கிரில்லுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மாடலைச் சொல்வது முறை.

ஃபியட்டின் கதவு

பிரிமியர் தயாரித்த ஃபியட் 1100 இனத்தில் ஒரே அசைவு பாதி வேலையை முடித்துவிடும். 1954இல் வந்த மில்லிசெண்டோவிலும் அடுத்து வந்த செலக்ட்டிலும் முன்கதவின் கீல் நடுத்தூணில் இருந்தது. கதவு முன்னோரத்தில் பிளந்து பின்னோக்கித் திறக்கும். 1960களின் நடுவில் வந்த டிலைட்டில் கீல் முன்தூணுக்கு மாறியது. நாயகி காரிலிருந்து இறங்கும் ஒரு காட்சி போதும், கதவு எந்தப் பக்கம் விரிகிறது என்பதில் காலம் தெரிந்துவிடும். இதைவிட எளிய சோதனை இந்தத் துறையில் வேறில்லை.

டிலைட்டுக்குப் பிறகு வந்த பிரிமியர் பிரசிடெண்டும் 1974இல் பெயர் மாறிய பிரிமியர் பத்மினியும் அதே உடலைக் கொண்டவை. தூரக் காட்சியில் இவற்றைப் பிரிக்க முயல்வது வீண். வண்டியே கதாபாத்திரமாக வரும் ‘பண்ணையாரும் பத்மினியும்’ (2014) போன்ற படங்களில் தலைப்பே சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

ஹெரால்ட்

சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்ட், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கலோட்டி வரைந்த கார். பானட்டும் மட்கார்டும் ஹெட்லைட்டும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். பழுதாகி நிற்கும் காட்சியில் வேறெந்த இந்தியக் காரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தொடக்கத்தில் இரு கதவுகள்தாம். 1960களின் இறுதியில் வந்த மார்க் 3இல் நான்கு. இந்த நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கே உரியது, இங்கிலாந்து ட்ரயம்ஃப் ஹெரால்டில் கிடையாது. 1970களில் கசெல் என்ற பெயரில் மாற்று வடிவம் வந்தது.

அமெரிக்கக் கார்கள்

இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோன காலத்தில் தூதரகங்கள் கழித்துவிட்ட அமெரிக்கக் கார்கள் அரசு வணிகக் கழகத்தின் ஏலம் வழியாக வெளியே வந்தன. செல்வந்தர் வீட்டுக் கார், கடத்தல்காரர் கார் என்று திரையில் வலம்வந்தவற்றில் செவ்ரோலே இம்பாலா முதன்மையானது. இதற்குப் பின்விளக்கே முகவரி. 1959 மாடலில் படுத்த கண்ணிமைபோலப் பக்கத்துக்கு ஒரு நீள்விளக்கு. 1960இல் பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்குகள். மூன்று இல்லாமல் இரண்டே இருந்தால் அது இம்பாலா அன்று, அதைவிட விலை குறைந்த பெல் ஏர் அல்லது பிஸ்கேன். அமெரிக்க மாடல் ஆண்டு முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் 1959இன் இறுதியில் எடுத்த காட்சியில் 1960 மாடல் வருவது முரண் ஆகாது.

பிரிமியர் பம்பாயில் பூட்டிய டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட், பிளிமத் ஆகியவை ஒரே உடலில் வேறு வேறு பெயர்ப்பலகை ஒட்டியவை. பலகை தெரியாத காட்சியில் ‘கிரைஸ்லர் குடும்பம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

1958இல் வந்த இரு படங்களில் பழைய செவ்ரோலேக்கள் நடிகர்களுக்கு இணையாக இடம்பெற்றன. ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்த்ரிக்’ வங்காளப் படத்தில் ஜகத்தல் என்ற பெயருடன் ஓடும் வாடகை வண்டி 1920 மாடல். கங்குலி சகோதரர்கள் மூவரும் நடித்த ‘சல்தி கா நாம் காடி’யில் வருவது 1928 மாடல்.

மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும்

காரைவிட மோட்டார் சைக்கிளை அடையாளம் காண்பது எளிது, ஏனெனில் எந்திரமே வெளியில் தெரிகிறது. ஆனாலும் தமிழ்ப் பார்வையாளர்கள் கறுத்துத் தடித்த எதையும் ‘புல்லட்’ என்றே சொல்லிவிடுவார்கள். ‘ஷோலே’ (1975) படத்தில் இரு நண்பர்கள் பாடிக்கொண்டு ஓட்டும் பக்கப்பெட்டி வண்டிக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது புல்லட் அன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் படைக்காக லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. டபிள்யூஎம்20. இதன் முன்சக்கரத்தைக் கர்டர் ஃபோர்க் எனப்படும் கம்பிச் சட்டம் தாங்குகிறது, அதில் ஒரு சுருள்வில் தெரியும். புல்லட்டில் இரு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் அமைப்பு. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் இந்தியாவெங்கும் விற்பனையாயின.

புல்லட் சென்னை திருவொற்றியூரில் 1950களின் பாதியிலிருந்து தயாரானது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. மைசூர் ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புகோல்தான். உதைத்துக் கிளப்பியபின் அதையே மடக்கிக் கியர் மாற்றுவார்கள், அதுவும் இடப்பக்கத்தில். ஒற்றை சிலிண்டருக்கு இரு சைலன்சர் இருப்பதும் ஜாவாவின் அடையாளம். 1973க்குப் பிறகு அதே ஆலையின் வண்டிகள் எஸ்டி என்ற பெயரைத் தாங்கின. ராஜ் கபூரின் ‘பாபி’ (1973) படத்தில் சிறு சக்கரங்களுடன் வரும் ராஜ்தூத் ஜிடிஎஸ், படம் ஓடிய பிறகு ‘பாபி’ என்றே அழைக்கப்பட்டது. திரையிலிருந்து பெயர் பெற்ற வண்டி அது.

வெஸ்பா வழிவந்த பஜாஜ் ஸ்கூட்டரில் எந்திரம் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். லாம்பிரெட்டாவில் நடுவே இருக்கும், உடலும் நீளம். உதைப்பதற்கு முன் வண்டியைச் சாய்த்து நிமிர்த்துகிறவர் பஜாஜ்காரர் என்பது அனுபவத்தில் வந்த சோதனை. அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை.

ஜீப்பில் முன்முகத்தின் பிளவுகளை எண்ணினால் போதும். போர்க்கால வில்லிஸில் ஒன்பது, பின்வந்த குடிமக்கள் ஜீப்பில் ஏழு. மஹிந்திராவின் சிஜே3பி வகை மட்டும் உயர்ந்த பானட்டால் தனித்துத் தெரியும்.

நம்பர் பிளேட்

1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் டிஎன் 01 போன்ற வடிவம் பரவியது. அதற்கு முன் மூன்று எழுத்து, நான்கு எண். சென்னை மாநில வண்டிகள் எம் என்ற எழுத்தில் தொடங்கின, தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின்னர் டி வந்தது. மைசூர் வண்டிகளுக்கு எம்ஒய். ‘ஷோலே’ வண்டியின் பலகை எம்ஒய்பி என்று தொடங்குவது, படப்பிடிப்பு நடந்த ராமநகரம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதோடு பொருந்துகிறது. இலங்கைப் படங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துள்ள பலகை 1950களின் பிற்பாதிக்கு முந்தைய வண்டியன்று என்று காட்டிவிடும். 1958இல் தமிழர்கள் தார் பூசி அழித்தது இந்த எழுத்தைத்தான். படக்குழு எழுதி மாட்டிய பொய்ப் பலகைகளும் உண்டு என்பதால் பலகை துணைச்சான்றே.

டாக்சியின் நிறம் ஊரைச் சொல்லும். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட ஃபியட் என்றால் பம்பாய், முழு மஞ்சள் அம்பாசடர் என்றால் கல்கத்தா.

ஏமாற்றும் காட்சிகள்

சாலையில் ஓடும் காரும், ஸ்டுடியோவில் பின்திரைக்கு முன் நிறுத்தி நடிகர்களைப் படமெடுத்த காரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் முதலில் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும். அது கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தால் படச்சுருள்தான் புரண்டிருக்கிறது. ஒலியைச் சான்றாகக் கொள்ளவே கூடாது, ஜாவா ஓடும்போது புல்லட்டின் துடிப்பைச் சேர்ப்பது ஒலிப்பதிவுக் கூடத்தின் வழக்கம். வேடமிட்ட வண்டிகளும் உண்டு. ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) படத்தில் ஜெர்மன் ராணுவ மோட்டார் சைக்கிளாக வருவது உண்மையில் போருக்குப் பின் இங்கிலாந்தில் தயாரான ட்ரயம்ஃப் டிஆர்6.

வண்டி கீழ் எல்லையை மட்டுமே தரும். மார்க் 3 முகம் தெரிந்தால் காட்சி 1975க்கு முந்தையதன்று, எவ்வளவு பிந்தையது என்று அது சொல்லாது. காலக்கதைப் படங்கள் அடிக்கடி சறுக்குவதும் இங்கேதான். 1960களின் தெருவில் சதுர விளக்கு அம்பாசடர் வந்து நிற்கும்.

இன்றைய நிலை

கோவை ஜீடி கார் அருங்காட்சியகத்திலும் (2015), சென்னை ஏவிஎம் பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் (2023) பழைய வண்டிகளை நேரில் ஒப்பிடலாம். பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. 2021 விதிகளின்படி ஏற்கெனவே பதிவான பழைய வாகனம் தன் எண்ணை வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் விண்டேஜ் வாகனத்துக்கு விஏ என்ற எழுத்துகள் சேரும். இனி எடுக்கப்படும் படத்தில் விஏ பலகையுடன் வரும் செவ்ரோலே, 2021க்குப் பிறகே அந்த எண்ணைப் பெற்றது.