சிங்கப்பூரில் கேபிள் தொலைக்காட்சிக் கண்காணிப்பு

சிங்கப்பூரில் கேபிள் தொலைக்காட்சிக்கு உரிமம் கொடுப்பதும் அதன் நிகழ்ச்சிகளைக் கண்காணிப்பதும் தேசிய அரசின் வேலை. உள்ளாட்சிக்கு இதில் இடமில்லை. 1994ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. அதே ஆண்டு அமைந்த சிங்கப்பூர் ஒளிபரப்பு ஆணையத்திடமிருந்து 2003இல் ஊடக மேம்பாட்டு ஆணையமும், அதனிடமிருந்து 2016 அக்டோபரில் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் இந்தப் பொறுப்பை ஏற்றன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. தெருவைத் தோண்டிக் கம்பி பதிக்க நிறுவனங்கள் உள்ளூர் ஆட்சியிடம் உரிமம் பெறுவது அங்கே வழக்கமாயிற்று. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சிகள் நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு வரை கட்டணம் கேட்கலாம். பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் தனி ஒளிவழிகள் ஒதுக்கச் சொல்லலாம். இந்தியாவின் 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் அதிகாரம் பெற்ற அலுவலர்களில் ஒருவர். தமிழ்நாட்டிலோ அரசே தொழிலில் இறங்கியது. 2007இல் தொடங்கி முடங்கிக் கிடந்த அரசு கேபிள் நிறுவனம் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தர முன்வந்தது.

சிங்கப்பூரில் 1959இல் தன்னாட்சி வந்த கையோடு பழைய நகரசபையின் அதிகாரங்கள் அரசிடம் போய்ச் சேர்ந்தன. 1980களின் பிற்பாதியில் உருவான நகர மன்றங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளின் பொது இடங்களையும் மின்தூக்கிகளையும் பராமரிக்கின்றன. புளோக்கின் நடைபாதை அவற்றின் பொறுப்பு. அந்த வழியே வீட்டுக்குள் போகும் கம்பியில் எது ஓடலாம் என்று கேட்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. நாடே ஒரு நகரம் என்பதால் இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பேட்டை தனக்கென ஒளிபரப்பு நேரத்தைக் கேட்பதற்கான வாசலும் இதனால் இல்லாமல் போயிற்று.

சிங்கப்பூர் கேபிள் விஷன் நிறுவனம் 1992இல் வான்வழியாக மூன்று கட்டண ஒளிவழிகளுடன் தொடங்கியது. கம்பிவழிச் சேவை 1995 ஜூனில் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஆரம்பமாகி, 1999க்குள் தீவு முழுவதும் பரவியது. இவ்வளவு கம்பி பதிப்பதற்குக் கைம்மாறாக 2002 நடுப்பகுதி வரை அதற்குத் தனியுரிமை இருந்தது. அந்த ஆண்டே அது ஸ்டார்ஹப் தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் இணைந்தது. 2007இல் மற்றொரு தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல் இணையவழித் தொலைக்காட்சியோடு களத்தில் இறங்கியதும் போட்டி வந்தது. கூடவே புதிய தொல்லையும் வந்தது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக் உரிமையை 2009இல் சிங்டெல் தட்டிச் சென்றதும், இரண்டு நிறுவனங்களின் பெட்டியையும் வாங்கவேண்டுமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். தனியுரிமையாக வாங்கிய நிகழ்ச்சியை எதிராளியின் சந்தாதாரர்களும் பார்க்க வகைசெய்யவேண்டும் என்று ஆணையம் 2010 மார்ச்சில் அறிவித்தது. 2011 ஆகஸ்டில் அது நடப்புக்கு வந்தது. காற்பந்துக்காகப் பிறந்த விதி என்றே இதைச் சொல்லவேண்டும்.

நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தை ஆணையத்தின் விதித்தொகுப்புகள் கட்டுப்படுத்துகின்றன. எல்லாருக்கும் இலவசமாக வரும் ஒளிவழிகளைவிடக் கட்டணச் சேவைக்குச் சற்று நெகிழ்வு உண்டு. எல்லை மீறினால் தண்டம் ஒளிவழிக்கு அல்ல, அதை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தவருக்கு. இரண்டு பெண்கள் முத்தமிடும் காட்சியுள்ள ஒரு பாடல் விளம்பரம் எம்டிவி ஒளிவழியில் வந்ததற்காக 2008இல் ஸ்டார்ஹப் கேபிள் 10,000 வெள்ளி கட்டியது. தாங்களே முன்கூட்டி வெட்டிவிடுவது மலிவு என்று நிறுவனங்கள் கணக்குப் போட இது போதும். மொட்டைமாடியில் டிஷ் வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. செயற்கைக்கோள் அலை வாங்குவதற்குத் தனி உரிமம் வேண்டும். சாதாரண வீடுகளுக்கு அது கிடைப்பதில்லை.

ஆகவே சன் டிவி, விஜய் போன்ற சென்னை ஒளிவழிகள் கட்டணச் சேவை வழியாகத்தான் சிங்கப்பூர் வீடுகளுக்கு முறையாக வந்தன. உள்நாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகளின் கதை வேறு. 1963இல் தொலைக்காட்சி வந்தபோதே நான்கு அதிகாரத்துவ மொழிகளுக்கும் இடம் வகுக்கப்பட்டது. ஆனால் தமிழ் நெடுங்காலம் பிற மொழிகளோடு ஓர் ஒளிவழியைப் பங்கிட்டுக்கொண்டது. 2000இல் சென்ட்ரல் ஒளிவழியின் ஒரு பகுதியாக வசந்தம் வந்தது. 2008 அக்டோபர் 19 அன்று தனி ஒளிவழியானது. பொதுச் சேவை ஒளிபரப்புக்கு அரசு தரும் நிதி இல்லாமல் இவ்வளவு சிறிய சந்தையில் அது நிற்பது கடினம். ஒரு காலத்தில் வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி வசூலித்த தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2011இல் கைவிடப்பட்டது.

இந்திய நிகழ்ச்சிகளுக்கென ஆணையம் ஓர் ஆலோசனைக் குழுவை வைத்திருந்தது. சமூகத்தின் கருத்தைச் சொல்ல அமைந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் குழுவின் பணி ஆலோசனை சொல்வதோடு சரி. சிராங்கூன் சாலைத் தீபாவளிக் கொண்டாட்டத்தை வசந்தம் நேரலையாகக் காட்டுகிறது. அங்குள்ள தேக்காக் கடைக்காரரும் அவருடைய வாடிக்கையாளரும் அதில் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். எனினும் கேமரா வசந்தத்தை நடத்தும் மீடியாகார்ப்புடையது. சிங்கப்பூர்த் தமிழருக்கு ஒளிபரப்பு நேரம் மொழியின் பெயரால் கிடைக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்பதால் அது உறுதியான ஏற்பாடு. அதேசமயம் எதைக் காட்டுவது என்பதை மேலிருந்து தீர்மானிக்கும் ஏற்பாடும்கூட.

தேர்தல் காலம் இதற்கு ஒரு விதிவிலக்கு. குறைந்தது 6 வேட்பாளர்களை நிறுத்தும் கட்சிகள் நான்கு மொழிகளிலும் ஒளிபரப்பில் பேசலாம். கொவிட் பரவலால் பொதுக்கூட்டங்கள் இல்லாமல் நடந்த 2020 தேர்தலில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் 3 நிமிடம் என்ற கணக்கில் தொகுதிவாரி ஒளிபரப்பு நடந்தது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ஒதுக்கும் ஒளிவழிக்குச் சிங்கப்பூர் மிக அருகே வந்தது அப்போதுதான் எனலாம்.

கேபிள் என்ற ஏற்பாடே இப்போது பழைய கதை. ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019 செப்டம்பர் 30 அன்று நிறுத்திச் சந்தாதாரர்களைக் கண்ணாடியிழை இணைப்புக்கு மாற்றியது. இணையவழிக் காணொளிச் சேவைகளுக்கென ஆணையம் 2018 மார்ச்சிலேயே தனி விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தது.