அடையாற்று முகத்துவாரத்தை அளப்பது எப்படி? முதுகெலும்பற்ற உயிர்களும் 1937ஆம் ஆண்டு ஆவணமும்

அடையாற்றின் கழிமுகம் நலம் பெற்று வருகிறதா என்று கேட்டால் சென்னையில் இரண்டு விதமான சான்றுகளை முன்வைக்கிறார்கள். நட்ட கன்றுகளும் வந்திறங்கிய பறவைகளும் ஒரு சான்று. நீர் மாதிரியில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அளவு இன்னொன்று. இரண்டுமே வேண்டியவைதாம். ஆயினும் அந்த இடத்தை விட்டு நகர முடியாமல், அங்கேயே பிறந்து அங்கேயே மடியும் புழுவும் நண்டும் சிப்பியும் இந்தக் கணக்கில் வருவதில்லை. கழிமுகத்தின் நிலையை அறிய முதல் சான்றாகக் கொள்ள வேண்டியவை இந்த முதுகெலும்பற்ற உயிர்களே; அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பழைய ஆவணமும் இந்நகரிடமே இருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

ஆவணத்திலிருந்து தொடங்கலாம். எலும்பில்லாச் சிற்றுயிர்களை எழுதிவைக்கும் பழக்கம் சென்னைக்குப் பழையது. மெட்ராஸ் இலக்கியச் சங்கத்தின் இதழில் டி.சி. ஜெர்டன் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851இல் வெளியிட்டார். தாவிப் பாயும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் எறும்பை அவர் அதில்தான் முதலில் விவரித்தார். மரபணுத் தொகுதி முழுதாகப் படிக்கப்பட்ட முதல் எறும்புகளுள் ஒன்றாக 2010இல் அது உலக ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை இருந்த எஃப்.எச். கிரேவ்லி, மெட்ராஸ் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகளையும் பிற உயிர்களின் எச்சங்களையும் பற்றிய நூலை 1941, 1942ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகக் கொண்டுவந்தார். கையில் ஒரு சிப்பியுடன் கரையில் நிற்பவர் அதன் பெயரைத் தேட இன்றும் புரட்டத்தக்க நூல் அது.

நம் வாதத்துக்கு நேரடியாகப் பயன்படுவது சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தின் பணி. அதன் இயக்குநர் ஆர். கோபால ஐயர், உவர்நீர்ச் சேற்றில் வாழும் மார்ஃபைசா புழுவின் இனப்பெருக்கத்தையும் வளர்ச்சியையும் 1931இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதினார். வழுவழுப்பான கூழ்த்திரளுக்குள் முட்டையிடும் புழு அது. அதன் இனப்பெயரான கிரேவ்லியை, மேற்சொன்ன அருங்காட்சியகக் கண்காணிப்பாளரின் பெயரிலிருந்து வந்தது. பின்னர், ஐயரும் அவர் மாணவர் என். கேசவ பணிக்கரும் சேர்ந்து மெட்ராசின் உவர்நீர் உயிரினங்கள் குறித்த நீண்ட ஆய்வை 1937இல் இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் வெளியிட்டனர். கடற்சாமந்திகள், புழுக்கள், ஓட்டுடலிகள், மெல்லுடலிகள் என்று அடையாற்றுச் சேறும் நீரும் தாங்கியிருந்த உயிர்களை அவற்றின் சூழலோடு சேர்த்துப் பதிந்த வேலை அது. 1939இல் அதே உயிர்களின் இனப்பெருக்கக் காலங்கள் பற்றியும் எழுதினார்கள்.

இதை ஊர்ப்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. 1940இல் பணிக்கர் 'நேச்சர்' இதழில் ஒரு பெரிய கருத்தை வைத்தார்: நீரின் உப்பு குறையும்போது கடல்வாழ் ஓட்டுடலிகள் தங்கள் உடல்நீரின் செறிவைக் காத்துக்கொள்ள வெப்பம் துணைசெய்கிறது; குளிர்நாட்டுக் கழிமுகங்களைவிட வெப்பநாட்டு உவர்நீர்களில் கடல்வழி வந்த உயிர்கள் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். ஓர் உள்ளூர்க் கழிமுகத்தைக் கூர்ந்து பார்த்த அனுபவம் இந்த உலகளாவிய கேள்விக்கு அவரைத் தயார் செய்தது என்றே நான் கருதுகிறேன். பின்னாளில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநரானவரும் அவர்தான்.

இனி, இந்த உயிர்களைச் சான்றாக ஏற்பது ஏன் என்று பார்ப்போம். அடையாற்றின் முகத்துவாரம் நிலையானதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. முகத்துவாரக் கரையிலுள்ள ஊரூர் குப்பத்து மீனவர்கள் தென்திசையிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடதிசையிலிருந்து வருவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். ஆற்றில் நீர்வரத்து குறையும் மாதங்களில் மணல் வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். 1967இல் கட்டி 1977இல் இடிந்த உடைந்த பாலத்தின் அருகே நிற்பவர் எவரும் இந்த இழுபறியைக் காணலாம். வாய் மூடினால் ஏற்றவற்றம் நின்றுவிடுகிறது, கழிவுநீர் தேங்குகிறது, சேற்றில் ஆக்சிஜன் வற்றுகிறது.

ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலுக்குப் பொருந்தாத அளவு பெருத்திருக்கும் சிறு நண்டுகள் இந்தச் சேற்றுக்கரையில் வளை தோண்டி வாழ்கின்றன. பெண் நண்டு வற்றத்தோடு லார்வாக்களை நீரில் விடுகிறது. அவை கடலுக்குப் போய்ச் சில வாரம் மிதந்து வளர்ந்தே மீண்டும் கழிக்குத் திரும்ப முடியும். ஆகவே வாய் மூடியிருந்த பருவத்தில் புதுத்தலைமுறை வராது. பெரிய நண்டுகள் வளைகளில் இருக்கும், குட்டி நண்டுகள் இரா. கரையிலுள்ள நண்டுகளின் அளவுகளைப் பகுத்துப் பார்த்தால், கடலுக்கும் ஆற்றுக்குமான வழி கடந்த பருவங்களில் திறந்திருந்ததா என்பதை ஓரளவு வாசித்துவிடலாம். ஒரு நாள் காலையில் எடுத்த நீர் மாதிரி அந்தக் காலையை மட்டுமே சொல்லும். நண்டின் ஓடு மாதங்களைச் சொல்கிறது. கடலில் பிறந்து, வளர்வதற்காகக் கழிக்குள் நுழையும் வெள்ளை இறாலுக்கும் இதே நியதி பொருந்தும். கழியில் இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் வாய் திறந்திருக்கிறதா என்று கவலையோடு பார்ப்பது அதனால்தான்.

பறவைக் கணக்கு போதாதா என்று கேட்கலாம். பறவை ஆர்வலர்களின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்கள் இல்லையேல் இந்தக் கழிமுகத்துக்காகப் பேச ஆளிருந்திருக்காது. எனினும் பறவை பறந்து போய்விடக்கூடியது. கழிவுநீரில் பெருகும் பூச்சிப் புழுக்களைத் தின்னவும் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக வரும். பறவைகள் மிகுதியாக இருப்பது நீர் தூய்மையானதற்கு எப்போதும் சான்றாகாது.

உயிர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதிலும் இதே இடர் உண்டு. கரிமக் கழிவு மிகும்போது கடலடிச் சேற்றில் இனங்கள் குறைந்து, தாங்கும் திறனுடைய ஓரிரு சிறு புழுக்கள் மட்டும் பெருந்திரளாகப் பெருகுவதை பியர்சன், ரோசன்பர்க் என்னும் ஆய்வாளர்கள் 1978இல் விளக்கினர். அன்று முதல் சேற்றுப் புழுக்களை வைத்து மாசை அளக்கும் குறியீடுகள் ஐரோப்பாவில் பல உருவாகியுள்ளன. அவற்றை அப்படியே அடையாற்றில் பொருத்தினால் தவறான முடிவுக்கே வருவோம். கழிமுகம் என்பது இயல்பிலேயே கடினமான வாழிடம். உப்பு ஏறி இறங்கும் நீரில் மாசு இல்லாவிட்டாலும் இனங்கள் குறைவாகத்தான் இருக்கும். இயற்கையின் கடுமையையும் மனிதர் செய்த கேட்டையும் குறியீடு பிரித்துக் காட்டாத இச்சிக்கலைக் கழிமுக ஆய்வாளர்கள் நன்கறிவர். இதிலிருந்து மீள ஒரு வழிதான் இருக்கிறது: ஒவ்வொரு கழிமுகத்தையும் அதன் சொந்தப் பழைய நிலையோடு ஒப்பிடுவது. பெரும்பாலான ஆறுகளுக்கு அப்படியொரு பழைய பதிவு கிடையாது. அடையாற்றுக்கு உண்டு. 1937ஆம் ஆண்டு ஆய்வின் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அது முதன்மையாக இனங்களின் பதிவு, இன்றைய பாணியில் சதுர மீட்டருக்கு இத்தனை என்ற கணக்கு அன்று என்று மறுப்பவர்கள் உண்டு. ஏற்கிறேன். இருந்தாலும், அன்றிருந்த இனம் இன்றும் உண்டா, இன்றும் அங்கே முட்டையிடுகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அது போதும். மார்ஃபைசாவின் கூழ்த்திரள் அடையாற்றுச் சேற்றில் இன்று கிடைத்தால், அது எந்தக் கன்று நடும் விழாவையும் விடப் பெரிய செய்தி.

பழைய பதிவு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வடசென்னையைப் பாருங்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் அண்மை ஆண்டுகளில் பரவிய, அமெரிக்கக் கண்டத்துக் கரைகளுக்குரிய ஓர் அயல்சிப்பியை மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். அது சேற்றின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்கிறது. புதிதாக வந்தது எது, காலங்காலமாக இருந்தது எது என்பதை முதலில் கண்டு சொன்னவர்கள் அன்றாடம் சேற்றில் கைவைக்கும் அந்த மீனவர்களே. அடையாற்றில் ஆய்வு நடந்தால் ஊரூர் குப்பத்தாரும் எதிர்க்கரைச் சீனிவாசபுரத்தாரும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கரையின் கடற்பக்கம் வேறு கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகரில் நீல டிராகன்கள் எனப்படும் கடல்நத்தைகள் ஒதுங்கியபோது நாளிதழ்கள் எழுதின, மக்கள் பார்த்தார்கள். கொட்டும் மிதவைக் கடலுயிரைத் தின்று அதன் கொட்டும் செல்களையே தன் ஆயுதமாகச் சேமித்துக்கொள்ளும் உயிரைப் பார்க்கக் கூடுவதில் வியப்பில்லை. அதே கடற்கரையின் அலைவாயில், காலடி மணலுக்குள் புதைந்து, இறகு போன்ற உணர்கொம்பால் நீரை வடித்து உண்ணும் எமெரிட்டா ஆசியாடிகா என்னும் மணல் நண்டும் வாழ்கிறது. அந்த இனத்தில் சிறியவை ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றன என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. சுப்பிரமணியம் 1981இல் எழுதினார். நாள்தோறும் அதன்மேல் நடந்துபோகும் ஆயிரக்கணக்கானோருக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அடையாற்று உப்பங்கழியில் 58 ஏக்கரில் சீரமைத்து 2011இல் திறந்த பூங்காவுக்குத் தொல்காப்பியரின் பெயர் சூட்டப்பட்டது. அவர் நூலின் மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்துகிறது. அதில் இரண்டு, மூன்று, நான்கு அறிவுகளுக்கு எடுத்துக்காட்டாக வருபவை நத்தை, சிப்பி வகைகளும், கறையானும் எறும்பும், நண்டும் தும்பியும். ஆறில் மூன்று படிகள் எலும்பில்லா உயிர்களுக்கு! அதை இன்றைய விலங்கியலுக்கு முன்னோடி என்று கொண்டாடத் தேவையில்லை. இவ்வுயிர்களைக் கணக்கில் எடுத்த ஒரு நூலின் பெயரைத் தாங்கும் பூங்கா, தன் சேற்றிலுள்ள நண்டையும் நத்தையையும் கணக்கெடுப்பதே பொருத்தம்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் கடல் உயிரியல் மையம் சாந்தோம் நெடுஞ்சாலையில், முகத்துவாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை உண்டு. எழும்பூரில் அருங்காட்சியகம் உண்டு. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இம்மூன்றையும் குப்பத்து மீனவர்களோடு ஒன்றிணைத்து, 1937ஆம் ஆண்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் மூடிய காலம், மழைவெள்ளக் காலம் உட்பட ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அடையாற்றுச் சேற்றை ஆராயச் செய்ய வேண்டும். சேகரித்த மாதிரிகள் அருங்காட்சியகத்தில் சேர வேண்டும், முடிவுகள் தமிழிலும் வெளிவர வேண்டும். அடுத்த தூர்வாரும் பணிக்கு ஒப்பந்தம் விடுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். ஒருமுறை வாரிக் கொட்டிய சேற்றில் அதுவரை என்ன வாழ்ந்தது என்பதைப் பின்னர் எந்த ஆய்வாலும் அறிய முடியாது.