டிங்கர் கண்ணும் மில்லிமீட்டர் கணக்கும்

புது கார் எடுத்த கையோடு திருத்தணிக்குப் போய் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல டயர் ஏத்திட்டு வர்றவங்க நம்மில் நிறைய பேர். அதே திருப்பதி ரோட்டில் திரும்பும்போது வண்டி எங்கேயாவது மோதிட்டா? பம்பர் போனா பரவாயில்லை, மாத்திக்கலாம். உள்ளே எலும்பே வளைஞ்சிட்டா? இன்னைக்கு அந்தக் கதைதான்.

திருத்தணி ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. (ம.பொ.சி. போராட்டம் தனி எபிசோடுக்கான விஷயம்.) அடுத்த வருஷமே மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராக ஆரம்பிச்சது. அதில் கீழே தனி சேசிஸ், மேலே துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டின பாடி. காரணம் வேடிக்கையானது. இங்கிலாந்தில் இந்தக் காரை வடிவமைச்ச கம்பெனிக்கு முழு பாடியை அடிச்சுத் தர ஆள் கிடைக்கலை. இருந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. அதனால வந்த போல்ட் டிசைன், நம்ம பட்டறைக்காரருக்கு வரமாப் போச்சு. அடிபட்ட துண்டைக் கழற்றி, சேசிஸை நிமித்தி, திரும்ப மாட்டினா முடிஞ்சது.

அம்பாசடர் வேற ரகம். அதில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. ஆனா தகடு கனம். கேஸ் வெல்டிங்ல சூடாக்கி, செயின் போட்டு இழுத்து, சுத்தியலால் தட்டி எடுத்துடுவாங்க. அளவுகோல் டிங்கரோட கண்தான். கதவு சரியா மூடுதா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதா, அவ்வளவே பரீட்சை. அந்தக் கைத்திறமையை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் இன்னைக்கு இருக்கிற வண்டியில. மெர்சிடிஸ் இன்ஜினியர் பெலா பாரெனியோட யோசனை 1959-ல் காராக வந்தது: முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கணும், ஆள் உட்கார்ற கூண்டு நசுங்கக் கூடாது. நம்ம நாட்டில் மோதல் சோதனை 2017 அக்டோபரில்தான் புது மாடல்களுக்குக் கட்டாயமாச்சு. இப்போ அந்தக் கூண்டில் போடுறது உயர்வலிமை எஃகு. அதை கேஸ் நெருப்பில் பழுக்கக் காய்ச்சினா வலிமை போயிடும். பட்டி பூசி பெயின்ட் அடிச்சா பார்க்க புதுசு மாதிரியே இருக்கும். அடுத்த மோதலில்தான் தெரியும்.

அதனாலதான் ஜிக் பெஞ்சில் வண்டியைப் பூட்டி, மில்லிமீட்டர் கணக்கில் அளந்து இழுக்கிறாங்க. சில பாகங்களை நிமித்தவே கூடாது. கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டி, புதுசு வச்சு வெல்ட் பண்ணணும். பில்லும் எகிறும்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறீங்களா? கதவு ரப்பரை லேசா விலக்கிப் பாருங்க. ஃபேக்டரி ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமா, வரிசையா இருக்கும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லைன்னா, விலை பேசுறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க.