நுனி வெடிப்பும் நீள்கூந்தல் பேணலும்

முடியின் நுனி இரண்டாகவோ பலவாகவோ பிரிந்து நார்நாராக நிற்பது நுனி வெடிப்பு. மருத்துவ வழக்கில் இது டிரைக்கோப்டிலோசிஸ் எனப்படும். முடி, இறகு ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான பெயர் இது. இறகின் ஓரம்போலப் பிரியும் நுனிக்கு நன்றாகவே பொருந்துகிறது. கூந்தலை இடுப்புக்குக் கீழே இறக்க விரும்புவோருக்கு வளர்ச்சிக் குறைவைவிட இதுவே பெரிய தடை. வேரில் வளர்ந்த அளவு நுனியில் உடைந்துவிடுவதால் முடி வளர்வதே இல்லை என்று தோன்றும்; சடையும் கீழே போகப்போக எலிவாலாகிவிடும்.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஒரு முடியின் வளர்பருவம் 2 முதல் 7 ஆண்டுகள் வரை நீளும். அப்படியானால் 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து ஆண்டு வெயிலையும் சீப்பையும் தலையணையையும் தாங்கிய பகுதி அது. முடியின் மேற்புறத்தில் நுண்ணிய செதில்கள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கிச் சரிந்து கிடக்கின்றன. இவை 5 முதல் 10 அடுக்குகள் வரை இருக்கும். செதில்கள் தேய்ந்து உதிர்ந்தால் உள்ளேயிருக்கும் கெரட்டின் இழைகள் வெளித்தெரிந்து பிரியத் தொடங்கும். வெளியே வந்துவிட்ட முடியில் உயிரணு இல்லாததால், தோலில் பட்ட காயம்போல இது தானாக ஆறுவதில்லை.

தமிழ்ப் பெண்கள் கூந்தலை முடித்த முறைகளே நுனியைக் காத்த முறைகள். பழந்தமிழில் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்தது. அந்த ஐந்து: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. உச்சியில் முடிப்பது முடி. பக்கத்தில் முடிப்பது கொண்டை. பின்புறம் செருகுவது சுருள். சுருட்டி முடிப்பது குழல். பின்னித் தொங்கவிடுவது பனிச்சை. இவற்றுள் முதல் நான்கிலும் நுனி உள்ளே அடங்கிவிடுகிறது. முதுகிலும் தோளிலும் ஆடையிலும் உராய்வதற்கு அதற்கு வாய்ப்பே இல்லை. அழகுக்காகச் செய்ததுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாள் முழுதும் வயலிலும் அடுப்படியிலும் குனிந்து நிமிர்ந்த பெண்களுக்கு அள்ளி முடிந்த கொண்டை ஒரு தேவை. அந்தத் தேவைதான் நுனியையும் காத்தது.

பனிச்சையில் மட்டும் நுனி வெளியே தொங்கும். அதற்குத் துணையாக வந்தது குஞ்சலம். சடையின் கடைசிப் பிடியோடு நூலையோ பட்டையோ சேர்த்துப் பின்னிக் குஞ்சலம் தொங்கவிட்டால், உராய்வை முடிக்குப் பதில் நூல் ஏற்கிறது. இன்று மணப்பெண்ணிடமும் பரதநாட்டிய மேடையிலும் மட்டுமே இதைப் பார்க்கிறோம். பள்ளிச் சிறுமியரின் மடித்துக் கட்டிய ரிப்பன் சடையும் இந்த மரபில் வைக்கத்தக்கதே: இரட்டைச் சடையை மேலே மடித்துக் கட்டும்போது நுனி இரண்டும் காதோரம் ரிப்பனுக்குள் போய்விடுகின்றன.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை கூந்தல் பேணலை விரிவாகச் சொல்கிறது. மாதவியின் கூந்தலுக்கு முதலில் மணநெய். பிறகு பத்து வகைத் துவரும் (துவர்ப்புப் பொருள்) ஐந்து வகை விரையும் (நறுமணப் பொருள்) முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் (மணமூலிகை) ஊறிய நீர். அதன்பின் நறும்புகையில் உலர்த்தி, பகுதி பகுதியாக வகிர்ந்து கத்தூரிக் குழம்பு. எண்ணெய், நீர், தேய்க்காமல் உலர்த்தல், பகுத்துப் பூசல் என்ற இந்த வரிசையில் இன்றும் மாற்றவேண்டியது ஒன்றுமில்லை. குறிப்பாக, புகையில் உலரும் கூந்தல் துணியின் உராய்வுக்குத் தப்பிவிடுகிறது. குளித்து வந்து முடியைத் துண்டால் அடித்து ஈரம் போக்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. நுனிக்கு அதைவிடக் கேடு வேறில்லை. ஒற்றி எடுத்தால் போதும்.

ஈர முடி நீரை ஏற்று உப்பும். இழுத்தால் உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும். அந்த நிலையில் மேலிருந்து கீழாகச் சீப்பை இழுத்தால் நுனிச் சிக்கில் முடி அறுந்துவிடும். ஓரளவு உலர்ந்த பிறகு, பெரும்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். சுருட்டை முடிக்கு மட்டும் கண்டிஷனரின் வழுக்கலோடு ஈரத்திலேயே சிக்கெடுப்பது எளிது.

எண்ணெயில் தேங்காய் எண்ணெயே நுனிக்குத் தக்கது. மும்பையில் ஆர்த்தி ரேலே, மோஹிலே இருவரும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு ஆதலால் முடிக்குள் புகுகிறது. நம் வழக்கத்திலுள்ள குறை, எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்ப்பது. நுனிக்கு வருவதற்குள் கை வறண்டுவிடுகிறது. தலைக்குக் குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு எண்ணெய் பூசி முடிந்துகொள்வது நல்லது. சீயக்காயும் அரப்பும் மென்மையானவை. ஆனால் தூளை நைசாகச் சலிக்காவிட்டால் திப்பி முடியில் தங்கி உராயும்.

வெடித்த நுனிக்குத் தீர்வு வெட்டுவதுதான். விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும். வளர்பிறையில் நுனி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பார்கள்; வளர்ச்சி வேரில் நிகழ்வதால் கத்தரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை செ.மீ. வெட்டினால் ஆண்டுக்கு 10 செ.மீ. நீளம் மிஞ்சும், அதே இடைவெளியில் 3 செ.மீ. வெட்டினால் கூந்தல் நின்ற இடத்திலேயே நிற்கும். நீளத்தை இழக்க மனம் இல்லாதோர், மெல்லிய கற்றையாக எடுத்து முறுக்கி, வெளியே துருத்தும் வெடித்த நுனிகளை மட்டும் வெட்டலாம். கத்தரி முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரான கத்தரியாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி முடியை நசுக்கிப் புது வெடிப்புக்கு வழி செய்யும்.

இன்று நுனி வெடிப்புக்குப் பெருங்காரணம் சாயமும் பிளீச்சும் ஸ்ட்ரெய்ட்டனிங் சூடும் ரீபாண்டிங்கும்; சிலிக்கோன் கலந்த சீரம் பிளவை ஒட்டிவைக்கும், சில குளியல்களில் கழுவிப் போய்விடும்.