ஹார்ட்விக் சீமாட்டியின் நான்காவது கணவர்

16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. கையிலிருந்த பணமும் நகையும் கணவனுடையவை. நிலத்தின் வருமானமும் அவன் பெட்டிக்கே போகும். அவன் கண்ணை மூடினால்தான் நிலைமை மாறும். அவனது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் பாத்தியதை விதவைக்கு உண்டு. வழக்குப் போடலாம், வாங்கலாம், விற்கலாம். இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவர் எலிசபெத் ஹார்ட்விக் என்கிற பெஸ்.

டெர்பிஷையரில் நொடித்துப்போன நிலக்கிழார் வீட்டில் 1527 வாக்கில் பிறந்தவர். முதல் கணவர் ராபர்ட் பார்லோ 1544இல் இறந்தபோது, தன் பங்கைப் பெறவே பெஸ் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. இரண்டாமவர் வில்லியம் காவெண்டிஷ் 600 பவுண்டுக்குச் சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டை வாங்கினார். 1557இல் இறக்கும்போது அரசுக்கு 5,000 பவுண்டுக்கு மேல் கடன் வைத்துவிட்டுப் போனார். மூன்றாமவர் வில்லியம் செயின்ட் லோ, சொந்த மகள்களையும் தம்பியையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் மனைவி பேருக்கே எழுதி வைத்தார்.

இந்தப் பணக்கார விதவையை மணக்க வந்தவர் ஷ்ரூஸ்பரி பிரபு ஜார்ஜ் டால்பட், நாட்டின் பெருந்தனக்காரர்களில் ஒருவர். இருவருக்கும் வயது நாற்பதை ஒட்டி. பெஸ் வெறுங்கையோடு தலையாட்டவில்லை. தன் மகன் ஹென்றிக்குப் பிரபுவின் மகள் கிரேஸ், தன் மகள் மேரிக்குப் பிரபுவின் மகன் கில்பர்ட் என்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தார். 1568 பிப்ரவரியில் ஷெஃபீல்டில் அந்தக் கல்யாணங்கள் நடந்தன. புருஷன் பெண்டாட்டியே சம்பந்திகளும் ஆன குடும்பம்!

வெறும் சொத்துப் பேரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரபுவின் கடிதங்கள் அப்படிச் சொல்லவில்லை. அரசவையிலிருந்து எழுதிய ஒன்றில், மனைவி அனுப்பிய மான்கறிக்கும் புட்டிங்குகளுக்கும் நன்றி சொல்கிறார். புட்டிங்கில் இன்னின்னாருக்கு ஒரு டஜன் கொடுத்தேன், மிச்சத்தை என் அறையில் நானே தின்ன வைத்துக்கொண்டேன் என்று கணக்கும் ஒப்பிக்கிறார். காதல் இல்லாத மனுஷன் இதையெல்லாம் எழுதுவானா?

வினை வேறு வழியில் வந்தது. 1569இல் ஸ்காட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைக்கும் பொறுப்பை எலிசபெத் ராணி பிரபுவின் தலையில் கட்டினார். அது 15 ஆண்டுகள் நீண்டது. வாரப்படியாகத் தந்த 52 பவுண்டை எலிசபெத் பிறகு 30 ஆக வெட்டினார். மேரியின் பரிவாரத்துக்கு ஆன செலவு பிரபுவின் கஜானாவைக் கரைத்தது. பெஸ்ஸோ முதலில் மேரியோடு உட்கார்ந்து பூத்தையல் போட்டார். பின்னாளில் அந்தக் கைதியையும் தன் கணவரையும் சேர்த்து வதந்தி கிளப்பினார் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவரும் மகன்களும் சத்தியம் செய்ய நேர்ந்தது.

சண்டையின் வேர் 1572இல் எழுதிய ஒரு பத்திரம். பெஸ் கொண்டுவந்த நிலங்களை அவருடைய மகன்கள் வில்லியமுக்கும் சார்லஸுக்கும் பிரபு விட்டுக்கொடுத்திருந்தார். பண நெருக்கடி முற்றியதும் அதையே செல்லாது என்றார். 1584இல் ஆள்படையோடு சாட்ஸ்வொர்த் வாசலுக்கு வந்தவரை, ஆயுதத்தோடு நின்று தடுத்தவர் வில்லியம். எலிசபெத் ராணியே தலையிட்டு, பெஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லி, மனைவியோடு சேர்ந்து வாழும்படி பிரபுவுக்கு உத்தரவு போட்டார். ஒரு காலத்தில் தேடி வந்து மணந்தவர், இப்போது அரசகட்டளைக்குப் பயந்து வேண்டாவெறுப்பாக இணங்கினார். ஆனாலும் கடைசிக் காலத்தை எலினர் பிரிட்டன் என்ற பணிப்பெண்ணின் பராமரிப்பில் கழித்தார்.

1590 நவம்பரில் பிரபு காலமானார். விதவைப் பங்கு கைக்கு வந்தது. அதே ஆண்டு ராபர்ட் ஸ்மித்சனின் வடிவமைப்பில் ஹார்ட்விக் மாளிகை எழத் தொடங்கியது. அந்நாளில் கண்ணாடி கொள்ளை விலை விற்றும், சுவரைவிட ஜன்னலே அதிகம் என்று சொல்லும்படி கட்டினார். 1597இல் குடிபுகுந்தார். கோபுர உச்சிகளில் கல்லில் வெட்டிய ஈ.எஸ். என்ற எழுத்துகள் இன்றும் தூரத்திலிருந்தே தெரியும்: எலிசபெத் ஷ்ரூஸ்பரி. சண்டை போட்ட புருஷனின் பட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. ஐந்தாவது கல்யாணமும் செய்துகொள்ளவில்லை; 1608இல் இறக்கும் வரை கணக்குப் புத்தகங்களில் தானே கையெழுத்திட்டு வந்தார்.