‘303’ ரைபிளின் மரபுருவம்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

புதுக்கோட்டைச் சமஸ்தானம், 1948-ஆம் வருஷம் மார்ச் 3-ஆம் தேதி இந்திய யூனியனில் இணையும் வரையில், தொண்டைமான் மன்னர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அச்சமஸ்தானத்தின் ஆயுதசாலையில் வளரி என்னும் வளைதடிகள் இருப்பில் வைக்கப்பட்டிருந்த செய்தியை, 1909-இல் வெளிவந்த தமது நூலில் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அவ்வளரிக்குப் பின் இப்பிரதேசத்து மக்கள் அதிகாரத்தின் அடையாளமாகக் கண்ட ஆயுதம், போலீஸார் தோளில் சாய்த்து வந்த ‘303’ ரைபிள். வளரிக்கு வாய்த்த அந்தச் சிரத்தை இதற்கும் வாய்க்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த போல்ட் அமைப்பையும், பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் மேகசினையும் உடைய இந்த ‘303’, அதாவது லீ என்ஃபீல்டு ரைபிள், 1895-இல் பிரிட்டிஷ் சேனையில் பிரவேசித்து, 1907-இல் ‘மார்க் 3’ என்னும் பிரசித்தமான உருவத்தை எய்தியது. ஏறக்குறைய நான்கு கிலோ எடையும், குழலை முனைவரை போர்த்திய மரச்சட்டமுமே அதன் லட்சணங்கள். வங்காளத்து இஷாப்பூரில், பழைய வெடிமருந்துச் சாலை இருந்த இடத்தில் தோன்றிய ரைபிள் தொழிற்சாலை இதனைப் பல்லாண்டுகள் உற்பத்தி செய்தது.

இஷாப்பூர் வெறும் பிரதி எடுக்கவில்லை என்பதே இவ்வாராய்ச்சியில் முக்கியமானது. சுடும்போது எழும் அதிர்ச்சியைத் தாங்கும்பொருட்டு முன்சட்டத்தின் குறுக்கே ஒரு திருகாணியை அது பூட்டியது. 1857-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கு வரிக்குழல் துப்பாக்கியை மறுத்து வழுவழுப்பான குழலுடையதையே கொடுத்த அதே அவநம்பிக்கைதான், பின்னர் 303-இன் குழல் வரிகளைக் கடைந்து நீக்கி, மேகசினை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரே குண்டு சுடும் ‘410 மஸ்கட்’டாக மாற்றிப் போலீஸாருக்கு வழங்கச் செய்தது என்று கருதுகிறேன். களவு போனாலும் இராணுவத் தோட்டா அதில் பயன்படாது என்பது கணக்கு. ஆட்சியாளர் தம் சொந்தக் காவலரையே நம்பாமையின் சாட்சியம் இவ்வாறு இரும்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

1962-இல் சீனருடன் நேர்ந்த யுத்தத்தில் நம் வீரர்கள் பலரும் 303-ஐயே ஏந்தி நின்றனர். அதன்பின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கேற்ற எஃகினாலும், பன்னிரண்டு தோட்டா மேகசினுடனும் இஷாப்பூர் அமைத்த ‘2ஏ1’ ரைபிளிலும் பழைய உருவம் பெரும்பாலும் நிலைத்தது. உத்தரப் பிரதேசப் போலீஸாரோ 2020-ஆம் வருஷக் குடியரசு தின அணிவகுப்பில்தான் 303-க்கு விடைகொடுத்தனர்.

மேனாடுகளில் இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் மலிவாக விற்கப்பட்ட இத்துப்பாக்கிகளின் மரச்சட்டத்தை வேட்டைக்காரர்கள் அறுத்தெறிந்தனர். சேதமுறாத பிரதிகளை அந்நாடுகளின் ரசிகர்கள் இன்று தேடுகின்றனர். நம் நாட்டிலோ இது தடைசெய்யப்பட்ட குழல் வகையைச் சேர்ந்ததாகையால், பாதுகாக்கும் கடமை சர்க்காரையே சாரும். அக்கடமையை நிறைவேற்றுவோர், பளபளப்பான வார்னிஷ் பூசுவதும், இஷாப்பூர்த் திருகாணியைக் களைந்து ஆங்கில மூலத்திற்கு ‘மீட்பதும்’ சரித்திரத்தை அழிப்பனவே என்று உணர வேண்டும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும், குழலுக்கு முறையாகப் புல்த்ரூ என்னும் துப்புரவுக் கயிறு இழுத்துப் பூசும் எண்ணெயுமே போதும். சட்டத்திலும் போல்ட்டிலும் பொறித்த இலக்கங்கள் ஒன்றாயிருத்தலும், பின்கட்டையின் உள்ளறையில் எண்ணெய்க் குப்பி இருத்தலும் கவனிக்கத் தக்கவை.

ஆதலால், கிடங்குகளில் எஞ்சிய 303, 410, 2ஏ1 ஆகியவற்றை உருக்க அனுப்புமுன், வகைக்கு ஒன்றையேனும் செயலிழக்கச் செய்து, அதற்கேயுரிய போல்ட்டுடனும் வழங்கீட்டுப் பதிவேட்டின் நகலுடனும், 1910-இல் நிறுவப்பட்ட திருக்கோகர்ணத்துப் புதுக்கோட்டை அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்குமாறு காவல் துறையினரை வேண்டிக்கொள்கிறேன்.